ஆட்டைப் பார்க்க வந்த மாமா

சாத்தையா மாமா போய்விட்டார். நேற்றுக் காலை முதுகுளத்தூர் சந்தையில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

ஆட்டு வியாபாரி. எனக்குச் சொந்தமில்லை, பக்கத்து ஊர்க்காரர். பார்க்கிறவனையெல்லாம் மாப்பிள்ளை ஆக்கிவிடுவார், பெண் மட்டும் கொடுக்க மாட்டார்!

சில வருஷம் முன்னால் என் மிளகாய் மொத்தமும் மழையில் போனது. வேறு கஷ்டங்களும் சேர்ந்துகொண்டன. வாழ்வதே வேண்டாம் என்று கிடந்தேன். ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் இது தெரியாது... இன்றுதான் எழுதுகிறேன்.

எல்லோரும் தைரியமா இரு என்றார்கள். மாமா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டார். "ஏலே மாப்ள, செத்துப் போகலாம்னு தோணுதா?"

ஆமா என்றேன். சொன்னதுமே பாதிப் பாரம் இறங்கியது.

"சரி, கெளம்பு." பரமக்குடியில் மனநல டாக்டரிடம் பைக்கில் கூட்டிப் போனார். வழியெல்லாம் ஆட்டுக் கதை.

மறுநாள் ஓர் ஆட்டோடு வந்து நின்றார். வாரத்துக்கு விடுகிறாராம். எங்கள் பக்கத்து வழக்கம் அது... வளர்ப்பது நாம், பிறக்கிற குட்டியில் ஆளுக்குப் பாதி.

அப்புறம் தினமும் ஆஜர். "ஆட்டைப் பாக்க வந்தேன்" என்பார். ஆட்டை ஒரு பார்வை, என்னை ஒரு மணி நேரம்!

அந்த ஆடு லேசுப்பட்டதில்லை. கொடியில் காய்ந்த லுங்கி, சார்ஜர் ஒயர், எதிர்வீட்டுக் கல்யாணப் பத்திரிகை... எல்லாம் உள்ளே போனது.

மாத்திரை, டாக்டர், ஆடு. இப்படியே மாசங்கள் ஓடின. ஒருநாள் காலையில் அதை அவிழ்க்கும்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

மாமா வந்ததும் கத்தினேன். "யோவ் மாமா, இது கெடாய்யா! இது எங்கிட்டுக் குட்டி போடும்?"

விழுந்து விழுந்து சிரித்தார். "வெவசாயி மகன், இப்பத்தான் பாக்குறியா? எப்படா கேப்பன்னு காத்துக் கெடந்தேன்டா." சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

அதன் பிறகும் மோசமான நாட்கள் வந்தன. போன் போட்டால் எடுப்பார்.

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். அத்தை என்னைப் பார்த்ததே இல்லை. "யாரு தம்பி நீ? அவருக்கு எப்படிப் பழக்கம்?"

வியாபாரப் பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "சாகணும்னு கெடந்தவன் அத்தை. மாமா ஒரு கெடாயக் கொண்டாந்து கட்டிட்டு, தெனமும் என்னைய வந்து பாத்துக்கிட்டாரு."

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அடப்பாவி மனுசா! அந்தக் கெடாய நாய் இழுத்துட்டுப் போயிருச்சுன்னுல்ல சொன்னாரு. ஒரு வாரம் அவருகூடப் பேசாம இருந்தேனே!"

அழுதுகொண்டே சிரித்தார். என் கையை வெகுநேரம் விடவில்லை.

அத்தைக்கு இப்போது கோபமில்லை மாமா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.