இரண்டு சாக்குச் சேறு

மல்லாந்து நீந்துவதுதான் அந்த உயிரின் இயல்பு என்று தெரியாமல், ஒரு காலை முழுவதும் தேக்கரண்டியால் அவற்றை நிமிர்த்தி விட்டுக்கொண்டிருந்தவன் நான். ஹல்துமுல்லைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் மாணவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பாடசாலைக்குப் பின்னால் ஒரு பள்ளம். ஐப்பசி மழைக்குக் குட்டையாகும். தை கழிந்தால் வெடித்துக் கிடக்கும். அதில்தான் கண்ணாடி உடம்பும் சிவந்த வாலுமாக, கூனி இறாலின் சொந்தக்காரர்களைப் போல அந்த உயிர்கள். நீர் வற்றினால் அவை செத்துப்போகும், முட்டைகள் மட்டும் சேற்றில் வருடக்கணக்காகக் காத்திருக்கும் என்று படித்தேன். நம்பவில்லை. காய்ந்த சேற்றை வீட்டுப் பேசினில் போட்டு மழைத்தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் பேசின் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் துடித்தன. மகள் பிறந்தபோதுகூட நான் இத்தனை பேரிடம் ஓடிப்போய்ச் சொன்னதில்லை.

அந்த வருடமே பள்ளத்தை நிரப்பி வொலிபோல் மைதானம் போட முடிவாயிற்று. மண் லொறி வருவதற்கு முதல்நாள், பாடசாலைக்கு இராக்காவல் இருக்கும் வாச்சரும் நானும் காய்ந்த சேற்றை இரண்டு சாக்கில் அள்ளிக் கொஸ்லந்த பஸ்ஸில் ஏற்றினோம். அங்கே இதே உயிர்கள் வாழும் குட்டை ஒன்று இருந்தது.

"ஏன் சேர், கொஸ்லந்தயில மண்ணு கெடைக்காதா?" என்றார் கண்டக்டர்.

கொட்டிவிட்டு வந்து, ஒரு வம்சத்தையே காப்பாற்றிய கம்பீரத்தோடு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். மழை பெய்து கொஸ்லந்தக் குட்டை நிரம்பிய பிறகு ஒரு விரிவுரையாளர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்.

"ரெண்டையும் கலந்துபோட்டியளே, சேர்," என்றார், மெதுவாகத்தான். "எத்தினையோ காலம் தனித்தனியா இருந்ததுகள். பரம்பரையில வித்தியாசம் இருந்திருக்கும். இனி உங்கட பள்ளத்து வம்சம் எது எண்டு எப்பிடித் தெரியும்? கலக்காத சேறு கொஞ்சமும் மிச்சமில்லையோ?"

நிரப்பிய பள்ளத்தின் மேல் மாணவர்கள் வலை கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேசினை மனைவி எப்போதோ கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

"சேறு அள்ளுன சாக்கு இருக்குங்க," என்றார் வாச்சர். "நம்ம வாசல்ல கால்மிதியாக் கெடக்கு."

மூவரும் வாச்சர் குடியிருந்த லயத்துக்கு ஓடினோம். நான் ஓடியதை ஓட்டம் என்று கொள்ளவும். சாக்கின் உள்தையலைப் பிரித்து உதறினால், ஒரு கைப்பிடித் தூசி. அதை ஜேம் போத்தலில் போட்டு மழைத்தண்ணீர் ஊற்றினோம்.

அப்புத்தளையில் தங்கியிருந்த விரிவுரையாளர் தினமும் வந்து பார்த்தார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தவர் என்னிடம் நீட்டினார். ஒரு புள்ளி துள்ளியது. பக்கத்திலேயே இன்னொன்று. மூவரும் எண்ணினோம், ஆளுக்கொரு கணக்கு வந்தது, யாருக்கும் கவலையில்லை.

"இதுகளை வளத்து, கொஸ்லந்தயில இருக்கிறதுகளோட ஒப்பிட்டுப் பாப்பம்," என்று போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

பஸ் வளைவில் மறையும்வரை நான் கையசைத்தேன். வாச்சர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"கல்யாணத்த முடிச்சு வச்சிட்டு இப்பதான் பொருத்தம் பாக்குறீங்களா, சேர்?"