பின்னறைக்கு இணையம்

நான் மாசாய் பகுதியில் வீடுகளுக்கு இணையம் இழுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். கம்பத்திலிருந்து கேபிள் இழுத்து, சுவரில் துளை போட்டு, ரவுட்டரை மாட்டி, விளக்கு பச்சையாக எரிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். மற்றவர்கள் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது எங்கள் வேலையில் எழுதாத விதி. அதை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அன்று கூட்டாளி லீவு. தனியாகப் போனேன். ஒற்றை மாடி வரிசை வீடு. வீட்டுக்காரருக்கு ஏறக்குறைய என் வயதுதான். நல்ல மரியாதையாகப் பேசினார். குடிக்கக் குளிர்ந்த மைலோ கொடுத்தார். கூடத்தில் ரவுட்டரை மாட்டி முடித்ததும், “பாஸ், பின் ரூமுக்கும் லைன் வேணும். ஒரு கேமரா மாட்டணும். அப்பா இருக்காரு” என்றார்.

பின்னறைக் கதவின் முன்னால் நின்று, குமிழிலிருந்த பூட்டுப் பொத்தானைத் திருகித் திறந்தார்.

“மறதி நோய் பாஸ். போன மாசம் ஹைவே வரைக்கும் நடந்து போய்ட்டாரு. லாரிக்காரன் கொண்டாந்து விட்டான். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், என்ன செய்றது, சொல்லுங்க?”

 தலையாட்டினேன்.

உள்ளே கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, மூத்திர வாடை. கைலி கட்டிய பெரியவர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். மகனுக்கு போன் வந்தது. அவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு முன்வாசலுக்குப் போனார்.

நான் தெஸ்பென்னை எடுத்து, பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தேன். தெஸ்பென் என்பது பேனா அளவுக்கு மெல்லிய ஸ்குரூடிரைவர். கரண்ட் இருந்தால் பிடிக்குள் சின்ன விளக்கு எரியும்.

“எர்த் லூசா இருக்கும், பாத்துக்க தம்பி,” என்றார் பெரியவர். “நான் பாசிர் கூடாங்ல எண்ணெய் ஆலையில பிட்டரா இருந்தவன்.”

பார்த்தேன். லூசாகத்தான் இருந்தது. மறதி நோய்க்காரர் சொன்ன மாதிரி இல்லை.

ஏணியை விரித்து, கூரை மூலையில் துளை போட ஏறினேன். பெரியவர் ஏணியடியில் வந்து நின்றார்.

“கதவுக் குமிழைத் திருப்பி மாட்டியிருக்கான், பாத்தியா? பூட்டுற பொத்தான் வெளிப்பக்கம் இருக்கு. கரண்டிகூட வைக்க மாட்டேங்குறாங்க தம்பி. கையாலதான் சாப்பாடு.” குரலைத் தாழ்த்தினார். “என் மக லாபிஸ்ல இருக்கா. நான் இங்க கெடக்குறது அவளுக்குத் தெரியாது. நம்பர் சொல்றேன், எழுதிக்கிறியா?”

அவர் நம்பரை ஒவ்வொரு எண்ணாகத் தெளிவாகச் சொன்னார். நான் டிரில்லை ஓட்டினேன். சத்தத்தில் அவர் குரல் அமுங்கியது. நிறுத்தியதும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் மறுபடி ஓட்டினேன். துளை முன்பே விழுந்துவிட்டது. வெறும் ஓட்டைக்குள்தான் டிரில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் கட்டிலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். கேமராவை மாட்டினேன். மகன் திரும்பி வந்து போனில் பார்த்தார், கட்டில் தெரிந்தது. அவருக்குத் திருப்தி. கதவைப் பூட்டினார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். கிளம்புமுன் எல்லாச் சாமானையும் விரிப்பில் பரப்பிப் படம் எடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும். யாரோ ஒருவர் விட்டுவந்த பிளேடில் ஒரு குழந்தை கையை அறுத்துக்கொண்ட பிறகு வந்த வழக்கம். டிரில், கேபிள் உரிக்கும் கத்தி, கிரிம்பர், மீட்டர், சிலிக்கான் குழாய் எல்லாம் இருந்தன. தெஸ்பென் இல்லை.

எங்கே இருக்கும் என்பது அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. திருப்பி மாட்டிய குமிழின் உள்பக்கம் ஊசித்துளை ஒன்று இருக்கும். மெல்லியதாக எதையாவது விட்டு அழுத்தினால் பூட்டு திறந்துகொள்ளும். அதுவும் எனக்குத் தெரியும். வேனில் இன்னொரு தெஸ்பென் கிடந்தது. அதை எடுத்து வைத்துப் படம் எடுத்திருக்கலாம்.

“பாஸ், தெஸ்பென் ஒண்ணு காணோம்,” என்றேன்.

மகனின் முகம் மாறியது. கதவைத் திறந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

“எங்க வச்சிருக்க?”

பெரியவர் சுவரைப் பார்த்தார். மகன் தலையணையைத் தூக்கி எறிந்தார். பிறகு அவரை எழுப்பி நிறுத்தி, கைலி மடிப்பைப் பிடித்து இழுத்தார். கைலி அவிழ்ந்து காலடியில் விழுந்தது. தெஸ்பென் அவருடைய கைக்குள்ளேயே இருந்தது. மகன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கட்டைவிரலைப் பின்னுக்கு வளைத்தபோது பெரியவரிடமிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் அவசரப்பட்டுக் கைலியைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“மன்னிச்சிருங்க சார்,” என்றார்.

அதுவரை என்னைத் தம்பி என்று அழைத்தவர்.

மகன் தெஸ்பென்னைத் தன் சட்டையில் துடைத்து என்னிடம் கொடுத்தார். குமிழைக் குனிந்து பார்த்தார். “இதுக்குத்தானா? பாஸ், உங்ககிட்ட சிலிக்கான் இருக்குல்ல? இந்த ஓட்டைய அடைச்சிருங்க லா.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது என் வேலையே இல்லை. ஆனால் குழாயை எடுத்தேன், மூக்கைத் துளையில் வைத்து அழுத்தினேன், வழிந்ததை விரலால் நீவிவிட்டேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று பார்த்து நீவினேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, “அந்த நம்பர எழுதியிருக்கலாம்ல? எழுதுறதுக்கு என்ன?” என்றாள். அவளைத் திட்டினேன். மறுநாள் வேனில் உட்கார்ந்து சமூகநல இலாகாவுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பொறுமையாக என் பெயரையும் அந்த வீட்டு முகவரியையும் கேட்டாள். வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொன்னால் வேலை போய்விடும். லைன் சரியில்லாத மாதிரி இரண்டு முறை “ஹலோ ஹலோ” என்று சொல்லிவிட்டுத் துண்டித்தேன்.

சில மாதம் கழித்து, அதே வரிசையில் அடுத்த வீட்டில் வேலை வந்தது. அந்த வீட்டு மலாய் அம்மா தானாகவே பேச்சை எடுத்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் நோன்பு மாதத்தில் இறந்துவிட்டாராம். முன்பெல்லாம் பகலில் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாராம். அப்புறம் ஒருநாள் சத்தம் நின்றுபோனதாம்.

“குணமாகிவிட்டார் என்றுதான் நினைத்தோம்,” என்று மலாயில் சொன்னார்.

லாபிஸிலிருந்து மகள் வந்தாளா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் ரவுட்டரை எங்கே வைப்பது என்று கேட்டேன். டிவி பக்கத்தில் வைக்கச் சொன்னார்.