வெளியே வரவும்

ஓடிப்போகவில்லை. முதலில் அந்த வார்த்தையை விடுங்கள். ஓடிப்போகிறவர் முந்தின நாள் உட்கார்ந்து மாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவாரா? அறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலோரச் செடிக்கு ஒரு செம்புக்கு மேல் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போவாரா? எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவி குழாயடியில் நின்று, "பதினெட்டு வருஷமா ஒண்டியா இருந்த ஆளு, காலங்காத்தால பையைத் தூக்கிட்டுப் போறாருன்னா என்ன அர்த்தம்? போன இடம் தெரியல, வந்த இடம் தெரியல" என்று கேட்கிறாளாம். அர்த்தம் என்னிடம் இருக்கிறது. என் வீட்டுப் படியேறி வந்து கேட்டால் சொல்வேன். வரமாட்டாள். தெரிந்துவிட்டால் மறுநாள் பேச என்ன இருக்கும்?

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். அதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு, வரும்.

ஸ்லைடுக்காரர் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர். சினிமாக் கொட்டகையில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரையாவது அவசரமாக வெளியே கூப்பிட வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் கைப்பேசியா இருந்தது? வீட்டிலிருந்து யாராவது ஓடிவந்து டிக்கெட் ஜன்னலில் சொல்வார்கள். இவர் உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றை விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி, அந்தக் கரியின் மேல் ஊசியால் எழுதுவார். விளக்குப் பெட்டியில் செருகினால் படத்தின் மேலேயே ஓரமாக எழுத்து விழும். இன்ன தெரு, இன்ன வேலை பார்க்கிறவர், வெளியே வரவும். அவ்வளவுதான். வேலை முடிந்ததும் துணியால் கரியைத் துடைத்துவிடுவார். அடுத்த ஆளுக்கு அதே கண்ணாடி.

அந்த வேலை போய்ப் பதினெட்டு வருடம் ஆகியும் அவர் உடம்பு கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் வாசற்படியில் ஒரு நிமிடம் நிற்பார், கண் இருட்டுக்குப் பழகட்டும் என்பதுபோல. பேருந்தில் முன்னால் இடம் காலியாக இருந்தாலும் கடைசி வரிசைக்குத்தான் போவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச். பேச்செல்லாம் காதோடு காதாக. தண்ணீர் மோட்டாருக்காகப் பக்கத்து வீட்டு ஓட்டுநரோடு ஒருமுறை சண்டை வந்தது. அந்த மனிதர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். இவர் பக்கத்தில் போய், "நீங்க செய்றது அநியாயம்" என்று ரகசியம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஆள் சிரித்துவிட்டார். சண்டை அதோடு போயிற்று.

எல்லாவற்றிலும் வேடிக்கை, யார் முன்னால் கடந்தாலும் இடுப்பை மடக்கி, கையைத் தாழ்த்தி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு போவார். பட்டப்பகல், திறந்த தெரு. நான் வாசலில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

"மறைக்குதாக்கா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து போவார்.

"தெருவுல என்னப்பா, படமா ஓடுது?"

"ஓடிக்கிட்டுத்தானேக்கா இருக்கு."

அவர் கூப்பிட்டதெல்லாம் கெட்ட சேதிக்குத்தான், அவர் எதிரே வந்தாலே ஆகாது என்று தையல்காரர் மனைவி சொல்கிறாள். அது பொய். குழந்தை பிறந்ததற்குக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படம் பார்க்க வந்த மின்சாரக்காரரை, மனைவி மழையில் நிற்கிறாள் என்று கூப்பிட்டிருக்கிறார். அவளுக்கு ஏன் அவர்மேல் இவ்வளவு காரம் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் தையல்காரர், சட்டை கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மேட்னிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். இவள் மோப்பம் பிடித்து வந்து, "டிக்கெட்டெல்லாம் வேணாம், ஸ்லைடு போடுங்க" என்று நின்றாள். போட்டார். கொட்டகையே சிரித்தது. தையல்காரர் பின்வழியாக நழுவி, இவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பின்கதவைத் திறந்துவிட்டது ஸ்லைடுக்காரர் என்று அவளுக்கு இன்றைக்கும் சந்தேகம். சந்தேகம் சரிதான்.

இந்த ஊரில் நான்கு கொட்டகை இருந்தன. தகரக் கொட்டகை, ஸ்டேஷன் கொட்டகை, மாடி வைத்த பெரிய கொட்டகை, பாலத்தடிக் கொட்டகை. நான்கிலும் மாறி மாறி வேலை பார்த்தவர், அதனால் எது எப்போது கட்டினது, எது எப்போது மூடினது என்று யார் கேட்டாலும் அவரிடம் பதில் உண்டு. ஆனால் வருடக் கணக்கில் சொல்ல வராது. "தகரக் கொட்டகைல கூரை மாத்துனது, அந்தப் பல் டாக்டருக்கு இரட்டைப் புள்ளை பொறந்துச்சே, அப்போ" என்பார். "பாலத்தடிக் கொட்டகைய மூடுனது, தபால்காரரோட அண்ணன கூப்பிட்டு நாலாம் நாள்." அவருக்குத் திரையில் ஓடின படங்கள் முக்கியமில்லை. யார் எந்த நாற்காலியிலிருந்து எழுந்து போனார்கள் என்பதுதான் சரித்திரம்.

பிறகு ஒரு வெளியூர்க் கம்பெனி வந்தது. முதலில் ஸ்டேஷன் கொட்டகையை வாங்கியது, பிறகு ஒவ்வொன்றாக மற்றதையும். ஒன்று கிடங்காயிற்று, ஒன்று வண்டி நிறுத்துமிடம், ஒன்றில் பர்னிச்சர் கடை. பெரிய கொட்டகையை இடித்துவிட்டு ஆறு திரை வைத்த கட்டடம் எழுப்பினார்கள். ஆறுக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். அதுவரை கொட்டகையிலேயே ஓர் அறையில் படுத்துக்கொண்டிருந்த ஸ்லைடுக்காரர், ஒரு தகரப்பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கல்யாணம் இல்லை, உறவு என்று சொல்ல ஒருவரும் இல்லை. "மாடியறை காலியா இருக்குன்னு சொன்னாங்க" என்றார், அதையும் ரகசியமாக. நான் வாடகை பேசவில்லை, சாவியைக் கொடுத்தேன். அதற்கும் இந்தத் தெரு வாய் மெல்லாமலா இருந்தது? மென்றது. மெல்லட்டும்.

ஏன் கொடுத்தேன் என்றால், அதற்கும் பதினேழு வருடம் முன்னால் ஒருநாள் நான் தனியாக மேட்னிக்குப் போயிருந்தேன். படத்தில் ஒரு பெண், கைக்குழந்தையோடு ரயிலடியில் நிற்கிறாள். போவதா, திரும்பிப் புருஷனிடமே போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டி ஊதிவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்தாள். அப்போது திரையின் ஓரத்தில் எழுத்து விழுந்தது. கொட்டகை முழுக்க முணுமுணுப்பு. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது, எந்தப் பாவி மகளோ என்று நானும் உச்சுக் கொட்டினேன். எழுத்து மறைந்து இன்னொரு தடவை விழுந்தது. நான் ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் டிப்போ மெக்கானிக்கின் மனைவி, வெளியே வரவும். அதுதான் எழுதியிருந்ததாம்.

இரண்டு முறை போட்டும் யாரும் எழவில்லை என்றதும் அவரே டார்ச்சோடு இறங்கி வந்தார். பெண்கள் பக்கம் வரிசை வரிசையாகக் குனிந்து, "டிப்போ மெக்கானிக் வீட்டுக்காரங்க இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் கையைத் தூக்கினேன். என் காலடியில் வெளிச்சம் பிடித்து, எங்கேயும் தடுக்காமல் வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். வெயிலில் வந்த பிறகுதான் என் காலில் செருப்பு இல்லை என்று பார்த்தார். "நில்லுங்கக்கா" என்று உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்து போட்டார். பேருந்தைத் தூக்கி நிறுத்தின ஜாக்கி சரிந்து என் வீட்டுக்காரர் அடியில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நினைவு இருந்தது. மறுநாள் விடியும்வரை என் கையை விடவில்லை. பேசினார். அந்தப் பேச்சு எனக்குப் போதும், இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மருந்துக் கடையில் ஸ்லைடுக்காரரைப் பார்த்தேன். "அக்கா, நீங்க பாதியில வந்துட்டீங்க. மீதிக் கதையைச் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். என் வீட்டுக்குக் குடிவந்த பிறகும் நான்கைந்து தடவை கேட்டிருக்கிறார். வேண்டாம், வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் படியில் ஒரு காலை வைத்தபடியே இருக்கட்டும். அதுவரைக்கும் என் வீட்டில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

போன மாதம் அந்த ஆறு திரைக் கம்பெனியிலிருந்து இவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பழைய நான்கு கொட்டகைகளின் படத்தையும் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம், பழைய ஆட்கள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டு போனார். தகரக் கொட்டகைப் படத்தின் கீழே ஸ்டேஷன் கொட்டகை என்று எழுதியிருந்தார்கள். இவர் ரகசியக் குரலில் திருத்தினார். மைக்கும் பாட்டுமாக இருந்த இடத்தில் அது யார் காதில் விழும்? "ஆறு தியேட்டர்லயும் யாரையும் யாரும் கூப்பிடறதில்லக்கா. கையில இருக்கற வெளிச்சத்தப் பாத்துட்டு அவங்கவங்களே எந்திரிச்சுப் போயிடறாங்க" என்றார், திரும்பி வந்து. மறுநாளிலிருந்து சாப்பிடவில்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை இவரிடம் வந்து பேசியிருக்கிறாள். அவளுடைய அப்பா அச்சாபீசில் பைண்டராக இருந்தவர், இப்போது வேறு ஊரில் அவளோடு இருக்கிறார், படுத்த படுக்கை. இன்னும் ஒரு மாதம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "எங்கப்பா உங்களப் பத்திப் பேசாத நாளில்ல. எங்க பாட்டி சாகக் கிடந்தப்போ, சேதி வந்த நிமிஷமே ஸ்லைடு போட்டீங்களாமே. அப்படியும் பாக்கக் கொடுத்து வைக்கலன்னு சொல்லுவாரு" என்றாளாம்.

அதைச் சொல்லிவிட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து துணிச் சுருளை அவிழ்த்தார். உள்ளே ஒரு கண்ணாடி. துடைக்காத கண்ணாடி, கரி அப்படியே இருந்தது. ஜன்னல் வெயிலில் சுவரோரமாகப் பிடித்தார். சுண்ணாம்புச் சுவரில் வெளிச்சத்தால் எழுத்து விழுந்தது.

"என்னப்பா எழுதியிருக்கு?"

"பைண்டர், வெளியே வரவும்."

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமாம். புதுப்படம், கூட்டம் நெரிகிறது. தாய்க்கு முடியவில்லை, மகன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று டிக்கெட் ஜன்னலில் சேதி. இவர் எழுதிவிட்டார். நல்ல இடத்தில் ஸ்லைடு விழுந்தால் ஜனம் கூச்சல் போடும், இடைவேளை வரட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இருபது நிமிடம்.

"அப்ப மேனேஜர்தானே தடுத்தாரு? உம்மேல என்னப்பா தப்பு?"

"டார்ச்ச எடுத்துட்டு நான் இறங்கிப் போயிருக்கலாமேக்கா. அத அவரு தடுக்கலயே." கண்ணாடியைச் சுவரிலிருந்து எடுத்தார். எழுத்து போய்விட்டது. "நானும் படத்தப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு."

பைண்டர் வீட்டுக்குப் போவதற்குள் தாய் போய்விட்டாள். மறுவாரம் வந்து, சேதி எப்போது வந்தது என்று அவர் கேட்டபோது, இவர், அப்போதுதான் வந்தது என்று சொல்லிவிட்டார். பைண்டர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாராம்.

நான் வெகுநேரம் வாதாடினேன். நான் பிடித்தால் விடுகிறவளா? "சாகப்போற மனுஷன்கிட்டப் போய் இதச் சொல்லி என்னத்தக் கண்டே? ஒரு நல்ல நெனப்பு வெச்சிருக்காரு, அதோட போகட்டுமே. உன் மனசு ஆறணும்னு அவரு மனசக் கெடுப்பியா?" என்றேன்.

"என் மனசு ஆறும்னு நினைக்கலக்கா. திட்டுவாரு. மொகத்தத் திருப்பிக்குவாரு. ஆனா அந்த இருபது நிமிஷம் என்கிட்ட இருக்கு. அது அவரோடது."

"வேணாம்னு சொல்றேன்."

"அன்னிக்கும் ஒருத்தர் வேணாம்னாரு, நானும் நின்னுட்டேன்."

கீழே இறங்கி வந்து உலையை ஏற்றியபோதுதான் எனக்கே உறைத்தது. என்னைத் தேடி வரிசை வரிசையாக அவரைக் குனிய வைத்தது அந்தப் பைண்டர் பட்ட நஷ்டம். ஆனாலும் போகலாம் என்று என் வாயால் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவர் செய்தது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. செய்யாமல் இருந்திருந்தால் அது அவராக இருக்காது, அதுவும் தெரிகிறது.

பதினோரு நாளைக்கு முன்னால், காலையில் இறங்கி வந்தார். ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, நடுவில் துணி சுற்றின கண்ணாடி. சாவியைக் கொடுத்தார், செடியைப் பற்றிச் சொன்னார். நான் முகம் கொடுக்காமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியைத் தாண்டும்போது என் வாயிலிருந்து அது எப்படி வந்ததோ, தெரியாது.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணு ரயில் ஏறினாளா, இல்லையா?"

நின்றார். திரும்பி, என்னை ஒரு நிமிடம் பார்த்தார், இருட்டுக்குக் கண் பழகுவதுபோல.

"வந்து சொல்றேன்க்கா."

தெருவில் நல்ல வெயில். குழாயடியில் தையல்காரர் மனைவியும் இன்னும் மூன்று பேரும், குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னாலேதான் போயாக வேண்டும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பை மடக்கி, கையைத் தாழ்த்தி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒருவருக்கும் எதையும் மறைக்காமல் கடந்து போனார்.