சுவரில் ஒட்டிய பள்ளிக்கூடம்

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், துணிக்கடைக்கு மேல்மாடியில், நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறைகளில் அது நடந்ததாக அப்பா எல்லாரிடமும் சொல்லிவந்தார். அதில் படித்தவள் என்கிற முறையில் எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை.

அப்பா துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து மேடையில் பெண்கல்விப் பேச்சாளர். பெண்ணைப் படிக்க வைக்காதவன் மனிதனே இல்லை என்று அவர் முழங்கும்போது முன்வரிசை ஆண்கள் பலமாகக் கைதட்டுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பின்கட்டில் வடை சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் வயசுக்கு வந்தேன். சடங்கு முடிந்த கையோடு அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் நிற்கும் பையன்கள் பார்க்கிறார்களாம். பார்க்கிறவனை வீட்டுக்குப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, என்னைப் போகச் சொல்வது சுலபமாக இருந்தது. தலைமையாசிரியைக்கு மட்டும், உடம்பு சரியில்லை என்று எழுதி அனுப்பினார். அடுத்த தவணை தொடங்கும்போது நான் வராவிட்டால் என் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைப்பது லேசில்லை.

ஆனால் மேடை இருக்கிறதே, அதற்கு என்ன பதில் சொல்வது? அப்பா அசரவில்லை. "என் பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கிறார்கள்" என்று அறிவித்தார். ஒருத்தி மட்டும் வீட்டில் இருந்தால் அடைத்து வைத்ததாக ஊர் பேசும், இரண்டு பேர் இருந்தால் அது பள்ளிக்கூடம். அதனால் ஒன்பது வயதுத் தங்கையையும் நிறுத்தினார். அந்தக் கழுதை சந்தோஷத்தில் குதித்தது.

ஒரு ஞாயிறு முழுக்க அப்பா தரையில் குப்புறப் படுத்து, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பெரிய தாளில் சிவப்பு மையிலும் நீல மையிலும் கோடு கோடாகப் போட்டார். அம்மா அவரைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள். மாலையில் கூடத்துச் சுவரில் கால அட்டவணை ஏறியது. எட்டரைக்கு ஆங்கிலம், அப்புறம் கணக்கு, பூகோளம், தமிழ். கடைசியில் மனையியல். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஆசிரியர் பெயருக்கு ஒரு கட்டம். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் 'அப்பா' என்று அழகாக எழுதியிருந்தார். அந்த நேரத்தில் அப்பா துறைமுகத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். மற்றதற்கெல்லாம் 'அம்மா'. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடவே கால் மணி நேரம் ஆகும்.

"பாடம் மாறும்போது மணி அடிக்கணும்" என்று பித்தளை மணி ஒன்றும் வாங்கி வந்தார். அம்மா அடித்தாள். உலை கொதித்தால் ஒரு மணி, சோறு வடிக்க ஒரு மணி. பூகோளத்தில் வெங்காயம் உரித்தோம், தமிழில் மாவாட்டினோம். இரவில் அப்பா வந்து, "இன்னைக்கு என்ன படிச்சீங்க?" என்பார். "எல்லாம்" என்போம். அவருக்கு அதற்குமேல் கேட்க நேரம் இருக்காது. அட்டவணையைத் திருத்த உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு திருத்தத்திலும் மனையியல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே வந்தது. தவணை தொடங்கும் நாள் நெருங்க நெருங்க நான் நாட்களை விரல்விட்டு எண்ணினேன். பள்ளிக்கூடம் போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டதற்கு, "இங்க என்ன குறைச்சல்?" என்று சுவரைக் காட்டினார்.

அந்தக் கடைசி வாரத்தில்தான் சங்கத் தலைவர் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். தேக்கா சந்தையில் மசாலைக் கடை வைத்திருந்தவர், வெள்ளை மனசு. அவருடைய மூத்த மகள் என் வகுப்புதான், பக்கத்து இருக்கை. அப்பா எங்களைக் குளிப்பாட்டாத குறையாகச் சீவிச் சிங்காரித்துப் பாயில் உட்காரவைத்தார். அட்டவணையை ஒரு மந்திரி திட்டத்தை விளக்குவதுபோல் கட்டம் கட்டமாக விளக்கினார். பிறகு, கட்டுப்பாட்டைக் காட்டுவதற்காக, மணியை எடுத்துத் தானே அடித்தார்.

தங்கை சட்டென்று எழுந்து அடுக்களைக்கு ஓடி, சோறு வடிக்கிற தட்டோடு திரும்பி வந்து நின்றாள்.

"பார்த்தீங்களா, மணி அடிச்சதும் என்னா சுறுசுறுப்பு!" என்று தலைவர் பூரித்துப்போனார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பேச்சைக் கேட்டுத்தான் என் ரெண்டு பொண்ணுங்களையும் நிப்பாட்டாம அனுப்பிக்கிட்டிருக்கேன். வீட்டுல ஒரே சண்டை. இப்ப நீங்களே நல்ல வழி காட்டிட்டீங்க. நாளைக்கே நிப்பாட்டி இங்க அனுப்பிடறேன்." அம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உங்களுக்குச் சிரமம் இல்லையே?"

என்னை இழுத்தது போதாதென்று அவளையும் இந்த வெங்காயத்துக்கு இழுக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா மெதுவாக உட்கார்ந்து மணியைத் துண்டால் துடைக்கத் தொடங்கினார்.

அம்மா கோப்பியைத் தலைவர் முன்னால் வைத்தாள். "அண்ணே, அந்தத் தாளுல இருக்கற வாத்தியாரு காலையில ஏழு மணிக்கு பஸ் ஏறிடறாரு. மிச்ச வாத்தியாரு நான்தான். சோறு வடிக்கக் கத்துக்கணும்னா உங்க பொண்ணுங்களை அனுப்புங்க. படிக்கணும்னா இருக்கற இடத்துலயே விட்டுவைங்க. என் பொண்ணுங்க ரெண்டு பேரும் திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போறாங்க."

தலைவர் குழம்பிப்போய் அப்பாவைப் பார்த்தார். "அப்படியாங்க?"

சங்கமே கேட்டதுபோல் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா, ஆமா. இது ஒரு இடைக்கால ஏற்பாடுதான்" என்றார்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போனேன். பையன்கள் அஞ்சடியில் அப்படியேதான் நின்றார்கள். தங்கை தெருமுனை வரை அழுதுகொண்டே வந்தாள். அட்டவணையை அம்மா கிழித்து, அடுக்களை அலமாரித் தட்டில் டப்பாக்களுக்கு அடியில் விரித்தாள். நல்ல தாள், வருஷக்கணக்கில் உழைத்தது.

அந்த வருஷம் சங்கத்து ஆண்டுவிழாவில் அப்பா பேசினார். ஊர்வாய்க்கு அஞ்சாமல், வயதுக்கு வந்த தன் மகளைத் தானே பள்ளிக்கு அனுப்பிவைத்த கதையை உருக்கமாகச் சொன்னார். மண்டபமே எழுந்து கைதட்டியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மகள் என் காதருகே, "உங்கப்பா ரொம்ப நல்லவரு லா. எங்கப்பா பாரு, ஒருநாள் எங்களை நிப்பாட்டப் போறேன்னு வந்து நின்னாரு" என்றாள்.

நான் திரும்பி அம்மாவைத் தேடினேன். அவள் பின்கட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.