நம்ம என்றால் எத்தனை பேர்?

தசரா வந்தால் ஊரெல்லாம் மைசூருக்கு வரும். என் கணவரும் அவருடைய மகளும் மட்டும் மைசூரை விட்டு ஓடுவார்கள். அவளுடைய அம்மா இறந்த அடுத்த வருஷம் ஆரம்பித்த பழக்கம் அது. காரில் டென்ட்டைப் போட்டுக்கொண்டு, இருக்கிற காட்டையெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆனபோது, அந்த வருஷத்துத் திட்டம் சாப்பாட்டு மேசையில் விரிக்கப்பட்டது. விரித்தவள் அவள்தான். பதிமூன்று வயது. நாகரஹொளே, பந்திப்பூர், கடைசியில் மாதேஸ்வரன் மலைப் பக்கம் என்று ஐந்து நாளுக்கு எழுதி வைத்திருந்தாள்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தசரா சமயத்தில் ஐந்து நாள் லீவு என்பது எங்கள் வார்டில் லேசுப்பட்ட காரியமில்லை. டியூட்டி பட்டியல் போடும் சிஸ்டர், "சனிக்கிழமைக்குள்ள சொல்லிடும்மா, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே" என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்தக் காரில் எனக்கு இடம் உண்டா? அது அவர்கள் இரண்டு பேரின் பயணம். கூப்பிடாமல் போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொள்கிற ஆள் நானில்லை. அந்த அளவு ரோஷம் எனக்கு உண்டு.

கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கணவரைக் கேட்டால், "வாயேன், யார் வேண்டாம்னா?" என்பார். அவர் ஜென்மத்தில் யாரையும் எதற்கும் வேண்டாமென்று சொன்னதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவர் பதில் அல்ல, அவளுடையது. அவளைக் கேட்டாலோ மரியாதைக்கு "வாங்க ஆன்ட்டி" என்பாள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அதனால் கேட்காமல், அவள் பேச்சையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "இதான் நம்ம ரூட்." "நம்ம டென்ட்ட வெயில்ல காய வைக்கணும்." "முதல் நாள் நம்ம திண்டி ஹுன்சூர்ல." காலைச் சாப்பாட்டை இந்த ஊர்ப் பிள்ளைகள் திண்டி என்றுதான் சொல்லும். எதற்கெடுத்தாலும் நம்ம. வேறு யாராவது கேட்டால் மனசு குளிர்ந்துபோவார்கள். எனக்குக் குளிரவில்லை.

நான் மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ஹனூர்க்காரி; எங்கள் தெருவில் தமிழ்தான். எங்கள் பக்கத்தில் நம்ம என்றால் கேட்கிறவரையும் சேர்த்து. எங்க என்றால் கேட்கிறவரை விட்டுவிட்டு. சின்னக் குழந்தைகூட இதில் தப்பு செய்யாது. மைசூரில் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தவளுக்கு இந்தப் பிரிவு தெரியாது. கன்னடத்தில் இரண்டுக்கும் ஒரே நம்மதான். அதை அப்படியே தமிழுக்கும் கொண்டுவந்துவிடுவாள். "நம்ம மிஸ் இன்னிக்கி வரல" என்பாள். அந்த மிஸ்ஸை நான் கண்ணால் பார்த்ததில்லை. "நம்ம பெஞ்ச் உடைஞ்சு போச்சு" என்பாள். அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்ததில்லை. அப்படியானால் நம்ம டென்ட் என்பது எந்த நம்ம? கணவரிடம் இதையெல்லாம் பொறுமையாக விளக்கிச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நம்மன்னா நம்மதானே" என்றார். அவரும் மைசூர்க்காரர்தான்.

புதன்கிழமை டென்ட்டை மொட்டைமாடியில் அடித்துப் பார்த்தோம். "ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம்" என்றார் கணவர். அவள் உள்ளே போய்ப் படுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு, கையால் அகலத்தை அளந்தாள். வெளியே வந்து டென்ட்டை மடிக்க ஆரம்பித்தாள். லீவு கேட்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். கோபத்தில் எடுத்த முடிவு என்றுதான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் கோபமில்லை, வருத்தம். என் தோசை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. தலை பின்னிக்கொள்ள என் முன்னால் வந்து உட்காருவாள். அதற்கு மேலும் ஆசைப்பட்டுவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கடைசி ஊருக்கான ஃபோனைப் போட்டாள். காட்டுக்குள் டென்ட் அடிக்க விடமாட்டார்கள். காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களில் சிலர் இடம் கொடுப்பார்கள். ஹனூர் தாண்டி அப்படி ஒருவர் இருந்தார். அவர் நம்பரை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், உங்ககிட்ட பெரிய டென்ட் இருக்கா? நம்ம டென்ட் சின்னது. நம்ம மூணு பேர்."

அந்தப் பக்கம் அவர் கணக்குப் போட்டார். "நம்ம மூணு பேருன்னா என்னையுஞ் சேத்தா கண்ணு? நானு ஊட்லதான் படுத்துக்குவேன். அப்ப நீங்க ரெண்டே பேருதான? சின்ன டென்ட்டே போதுமே."

"இல்ல அங்கிள், மூணு."

"அதத்தான் சொல்றேன் கண்ணு. என்னைய உட்டுட்டா ரெண்டு."

அவள் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இவர் எதுக்கு நம்ம டென்ட்டுக்கு வர்றார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாளே. "நம்மன்னா அவரும் அதுல சேந்துடுவார். நாங்க மூணு பேருன்னு சொல்லு" என்றேன்.

கையை எடுத்தாள். "நாங்க மூணு பேர் அங்கிள். நான், அப்பா, ஆன்ட்டி."

"அப்படிச் சொல்லு. நாலு பேரு படுக்கற டென்ட்டே இருக்குது. வாங்க கண்ணு."

"ஆய்த்து அங்கிள்" என்று கன்னடத்தில் சரி சொல்லி ஃபோனை வைத்தாள். பட்டியலில் ஒரு டிக் போட்டாள். பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப நம்மன்னு எப்ப சொல்லணும்?"

"யார்கிட்ட பேசறியோ அவங்களும் அதுல இருந்தா."

"உங்ககிட்ட பேசறப்போ?"

கத்தியைக் கீழே வைத்தேன். "நானும் வர்றதா இருந்தா, நம்ம ட்ரிப்."

"அதத்தானே இத்தன நாளா சொல்லிட்டிருக்கேன்" என்றாள் எரிச்சலோடு. பிறகு பட்டியலைப் பார்த்தபடியே, "நீங்க இன்னும் லீவே கேக்கலையாமே. அப்பா சொன்னார். எங்ககூட வர இஷ்டம் இல்லையோன்னு நெனச்சேன்" என்றாள்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் எதிரிலேயே சிஸ்டருக்கு ஃபோன் செய்தேன். ஐந்து நாள் வேண்டும் என்றேன். தசராவில் போய் அப்படி என்ன விசேஷம் என்று அவர் கடுகடுத்தார்.

"எங்க பொண்ணு கூட்டிட்டுப் போறா, சிஸ்டர்" என்றேன்.