விரதச் சோறு

நெஞ்சுவலி எனக்கு அலுவலகத்தில் வந்தது. எண்பதுகளின் பிற்பாதி. தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் துணையாசிரியராக இருந்தேன். ஞாயிறு பதிப்பின் மருத்துவப் பக்கமும் என் பொறுப்பு. ஒரு வாரம் முட்டை ஆகாது என்று செய்தி வரும், இன்னொரு வாரம் ஆகும் என்று வரும். இரண்டுக்கும் ஒரே அளவு எழுத்தில் தலைப்புப் போட்டிருக்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, பெரிய சேதம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் டாக்சியில் என் மனைவி விஷயத்தைச் சொன்னாள். முருகனிடம் வேண்டிக்கொண்டாளாம்: மூன்று தைப்பூசம் பத்துமலைக்குப் பால்குடம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மண்டலம் நாங்கள் இருவரும் விரதம். என்னைக் கேட்டுக்கொண்டு வேண்டவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

முதல் வருஷ விரதத்தில் எனக்கு ஆட்சேபமே கிடையாது. கொழுப்பைக் குறை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் மீனும் கோழியும் சமைப்பது நின்றுபோனது. சாமியும் டாக்டரும் ஒரே பக்கம் என்று நினைத்தேன். இரத்தப் பரிசோதனையையும் வேண்டுமென்றே தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் வைத்துக்கொண்டேன். விரதம் முடிந்த கையோடு போனால் முடிவு நன்றாக இருக்கும் என்பது எங்கள் தெருவில் பலருடைய எண்ணம்.

கிளினிக்கில் இருந்தவர் இளம் தமிழ்ப் பெண் டாக்டர். தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அங்கிள், என்ன சாப்பிட்டீங்க?"

"சைவம்தாம்மா. விரதம்."

"சைவம்னா? காலையிலேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். காலையில் பொங்கல் அல்லது இட்லி. மதியம் சோறு, சாம்பார், ரசம், மோர், அப்பளம். மீன் இல்லாத குறைக்கு இன்னும் ஓர் அகப்பைச் சோறு. சாயங்காலம் கோயிலில் கேசரி, வடை. வெள்ளிக்கிழமை பாயசம். படுக்கப் போகுமுன் வாழைப்பழமும் சீனி போட்ட பாலும். சொல்லச் சொல்ல, கல்யாண வீட்டுச் சமையல் போலக் கேட்டது.

"கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கியிருக்கு. ட்ரைகிளிசரைட் ஏறிப்போச்சு. அதுவும் ரத்தத்துல ஓடுற கொழுப்புதான். ஆனா உங்களுக்கு அதை ஏத்துறது சோறும் சீனியும். ரெண்டையும் விடுங்க அங்கிள். மீன் சாப்பிடுங்க, காய் சாப்பிடுங்க."

"முட்டை?"

"வெள்ளைக்கரு."

இதற்கு எந்த வாரம் என்ன தலைப்புப் போட்டேன் என்று எனக்கு நினைவு வரவில்லை.

சோற்றை விட்டேன். பசி சில நாளில் அடங்கிவிட்டது, சலிப்பு அடங்கவில்லை. அவித்த மீன், முட்டைக்கோஸ், பயற்றங்காய். மறுநாளும் அதே. வாழை இலைக் கடையில் சோறு வேண்டாம் என்றால் பரிமாறுகிறவர் வாளியோடு நின்றுவிடுவார். "சோறு வேணாமா? அப்புறம் எதுக்கு பாஸ் இலை?" பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்டால், தேநீர் கலக்குகிறவர், "அண்ணே, வெந்நீர் தரவா லா, அதுவும் அப்படித்தான் இருக்கும்" என்பார். ஆனால் அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவுகள் இறங்கின. அலுவலக மாடிப்படியில் நின்று நின்று ஏறுவதும் போயிற்று.

இரண்டாம் வருஷ விரதம் நெருங்கியபோது சொல்லிவிட்டேன். "என்னால முடியாது. மீனை நிறுத்தினா நான் சோத்துக்குத்தான் திரும்புவேன்."

"சாமிகிட்ட ரெண்டு பேருன்னு சொல்லியிருக்கேன்."

"சாமிகிட்ட என் ரிப்போர்ட்டைக் காட்டு."

"கிண்டலா? நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப என் கையில எந்த ரிப்போர்ட்டும் இல்ல. அவன் ஒருத்தன்தான் இருந்தான்."

அதோடு பேச்சு முடிந்தது. நான் மதியம் அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் மீன் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து குளித்த பிறகே அடுக்களைக்குள் போனேன். இரண்டு பேர் விரதம் என்று வாக்குக் கொடுத்தவள், தினமும் இரண்டு இலை போட்டுப் படைத்தாள். படைத்ததைக் கொட்டக்கூடாது. என் இலையில் இருந்ததையும் அவளே சாப்பிட்டாள்.

தைப்பூசத்தன்று அவளுக்குப் பின்னால் நான் படியேறினேன். பால்குடத்தோடு பல இடங்களில் நின்றாள். ஒரு கை குடத்தில், மறு கை கம்பியில். உதடு வெளுத்திருந்தது. நான் சிரமமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். கேட்டதற்கு, கூட்டம், வெயில் என்றாள்.

கீழே அன்னதானப் பந்தலில், கிள்ளானிலிருந்து லோரியில் ஆட்களோடு வந்திருந்த அவள் அண்ணன் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். என் இலையில் சோறு விழுந்தது. நான் கை வைக்கவில்லை.

"என்ன மாப்ள, சாமி சோத்துக்கே நோ சொல்றீங்க? முருகன் உங்க பேரைக் குறிச்சு வெச்சுக்கப் போறான் லா."

"அவரை விடுங்கண்ணே," என்று அவள் என் சோற்றைத் தன் இலைக்குத் தள்ளிக்கொண்டாள். முழுவதையும் சாப்பிட்டாள். இன்னும் அவளுக்கு மூச்சு சீராகவில்லை.

நான் வற்புறுத்தியும், பரிசோதனைக்கு வர ஒப்புக்கொள்ள அவளுக்குச் சில வாரம் ஆனது. டாக்டர் இந்த முறை தாளை நெடுநேரம் பார்த்தார். அவளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. ட்ரைகிளிசரைட் எனக்கு எப்போதும் இருந்ததைவிட அதிகம். இதயத் துடிப்பை எடுத்த தாளிலும் அவருக்குத் திருப்தி இல்லை.

"நெஞ்சு வலிச்சது அவருக்குத்தானே டாக்டர்?" என்றாள் அவள்.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். மெதுவாக நடந்தோம். வேண்டுதலில் இன்னும் ஒரு வருஷம் மிச்சமிருந்தது. இருவருக்கும் அது தெரியும். அன்று அவள் உலை வைக்கவில்லை. எனக்குச் செய்வதுபோல மீனை அவித்து, முட்டைக்கோஸை வதக்கி, இரண்டு தட்டில் போட்டாள். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதையா ஒரு வருஷமா தின்னுக்கிட்டிருந்தீங்க?"

"நீதானே ஆக்கிக் குடுத்தே."

"ஆக்கினேன். வாயில வெச்சுப் பாத்ததில்ல," என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டாள்.