நாகேஸ்வரி கொட்டிய சீனித்தண்ணீர்

கண்டாவளைக் குடியேற்றத்தில் மருத்துவிச்சி நாகேஸ்வரியைத் தெரியாத வீடில்லை. மழையோ சேறோ, சைக்கிளை உருட்டிக்கொண்டாவது வந்துவிடுவாள். வாயும் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அறுபத்திரண்டாம் ஆண்டு மாரியில், வீரகத்தியின் வீட்டில், அவளுக்கே நா வறண்டுபோனது.

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள். வீரகத்தியின் மனைவி கமலாசனியின் முதற்பால் மஞ்சளாய்த் தடித்திருந்ததால், ஊர் வழக்கப்படி மாமியார் வள்ளிப்பிள்ளை அதைச் சிரட்டையில் பிழிந்து வேலியோரம் ஊற்றியிருந்தாள். பிள்ளைக்குச் சீனித்தண்ணீர். இப்போது பிள்ளைக்கு வயிற்றாலே போய், அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. ஆறு பெருகியதால் ஆஸ்பத்திரிக்கு வழியில்லை.

நாகேஸ்வரி ஆத்திரத்தில் சீனித்தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள். கொட்டிய பிறகுதான் யோசித்தாள். பால் இறங்காவிட்டால்? பிள்ளை செத்தால் பழி தன் தலையில்தான்.

"மாரில ஒண்டுமில்லை மிஸ்ஸி. வெறும் மாரை என்னத்துக்குச் சூப்பக் குடுக்கிறியள்?" என்றாள் வள்ளிப்பிள்ளை.

"பால் குடத்துத் தண்ணி மாதிரி நிரம்பி நிக்கிறேல்லை அம்மா. மாருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கலங்கள் கோடிக்கணக்கில இருக்கு. ஒவ்வொண்டும் பாலை ஆக்கி, சின்னச் சின்னப் பையில கட்டி, தன்ர விளிம்புக்கு அனுப்பும். பை அங்க ஒட்டி, வாய் திறந்து, குழாயில கொட்டும். பிள்ளை சூப்பினாத்தான் அந்த வேலை நடக்கும். முதல் வாறது நோயை மறிக்கிற பால். அதைத்தான் நீங்கள் ஊத்தினனீங்கள்."

பயிற்சியில் ஒரு டாக்குத்தர் கரும்பலகையில் வரைந்து காட்டியது இது. கலத்துக்குள் கொல்கி என்று ஒரு தட்டடுக்கு. அதன் நுனியில் குமிழ் குமிழாய்க் கழன்று போகும் பைகள். வெண்கட்டிப் படத்தை நம்பி ஓர் உயிரோடு விளையாடுகிறோமே என்று நினைத்தபடியே நாகேஸ்வரி கையைக் கழுவினாள்.

பிள்ளையைக் கமலாசனியின் மாரில் பிடித்தாள். வாய் நழுவியது. உள்ளங்காலைச் சுண்டி மறுபடி பிடித்தாள். மத்தியானம் திரும்பியும் ஒரு சொட்டில்லை. பிள்ளையின் மூச்சை எண்ணி எண்ணிப் பயந்து, படம் வரைந்த டாக்குத்தர் கேட்டால் சிரிப்பாரென்று தெரிந்தும் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தாள்.

பொழுது சாயும் நேரம் பிள்ளையின் தொண்டை அசைந்தது. ஒரு விழுங்கல். பிறகு இன்னொன்று.

"மிஸ்ஸி, இறங்குது!" என்று கமலாசனி விம்மினாள்.

வள்ளிப்பிள்ளை மட்டும் மகிழவில்லை. பேரப்பிள்ளையின் வாயையே பார்த்தாள்.

"என்ர மூத்தது ரெண்டும் இப்பிடி வயித்தாலை போய்த்தான் செத்ததுகள். அதுகளுக்கும் நான்தானே பிழிஞ்சு ஊத்தினனான்?"

"இல்லையம்மா, அது வேற நோய்" என்றாள் நாகேஸ்வரி.

வள்ளிப்பிள்ளை நம்பவில்லை.